சீமைக்கருவேலும் சீமைப் பலகையும்

கோவில்பட்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டுக் கொல்லையில், மாடிப்படிக்கு அடியில், காலியாகிப்போன மாட்டுத்தொழுவில் மரவேலைக்கென்று இடம் ஒதுக்கிக்கொள்கிறவர்கள் இப்போது ஆங்காங்கே தென்படுகிறார்கள். பள்ளி ஆசிரியர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், பெங்களூரு வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிற இளைஞர் என்று பலதரப்பட்டவர்கள். தச்சுத்தொழில் இவர்கள் யாருக்கும் பிழைப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் முக்காலி செய்கிறார்கள், புத்தக அலமாரி செய்கிறார்கள். கொஞ்சம் கை தேறியதும் உளி, இழைப்புளி, கொட்டாப்புளி என்று கருவிகளையும் தாங்களே செய்து பார்க்கிறார்கள். இது நல்ல பழக்கம் என்றே நினைக்கிறேன். ஆனால் இதைப் பற்றி இவர்கள் சொல்லிக்கொள்ளும் பெருமைகளில் பாதி பொய்க்கணக்கு. மீதிப் பாதியிலும், உண்மையான பெருமையை விட்டுவிட்டு வேறெதையோ பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் காசுக் கணக்கு. 'கடையில் வாங்கினால் இவ்வளவு, நானே செய்தேன், பாதிதான் ஆச்சு' என்ற பேச்சை எல்லோரிடமும் கேட்கலாம். நாலடிக்கு இரண்டடி மேசை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓரங்குலத் தடிமனில் மேற்பலகை, இரண்டரை அங்குலச் சதுரத்தில் நான்கு கால்கள், சுற்றிலும் சட்டம். எல்லாம் சேர்த்தால் ஒன்றரை கன அடிக்குள் வரும். சேதாரத்தையும் சேர்த்து இரண்டு கன அடி மரம் வாங்கினால் போதும். அந்த மரத்தின் விலையை மட்டும் சொல்லிவிட்டுக் கடை மேசையின் விலையோடு ஒப்பிடுகிறார்கள். துளைபோடும் மிஷின், அறுக்கும் மிஷின், ஒட்டிய பலகையை இறுக்கிப் பிடிக்க அரை டஜன் கிளாம்ப், உப்புத்தாள், பாலிஷ், வீணாய்ப்போன முதல் இரண்டு கால்கள், இவையெல்லாம் கணக்கில் ஏறுவதில்லை. வேலைசெய்த நாட்களுக்குக் கூலி போட்டால் அந்த மேசை தேக்கு விலையைத் தாண்டிவிடும். வருஷத்துக்கு ஒரு மேசை செய்கிறவருக்கு வீட்டுப் பட்டறை ஒருநாளும் லாபமாகாது. கிரிக்கெட் ஆடுகிறவர் மட்டை வாங்கிய செலவை யாரிடமும் நியாயப்படுத்துவதில்லையே. மரவேலைக்காரர்கள் மட்டும் ஏன் சிக்கனத்தைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள் என்று தெரியவில்லை. வீட்டில் சமாளிப்பதற்காக இருக்கலாம்.

இந்தப் பழக்கத்தின் நிஜமான பலம் கருவி செய்வதில் இருக்கிறது. கடை இழைப்புளியால் ஒரு வேப்பம்பலகையைச் சீவிப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். வேம்பின் ரேகை நேராக ஓடாது. ஒரு பட்டை இந்தப் பக்கம் சாய்ந்தால் அடுத்த பட்டை அந்தப் பக்கம் சாயும். எந்தத் திசையில் சீவினாலும் பலகையில் பாதி வழவழப்பாகும், பாதி பிய்த்துக்கொண்டு வரும். கடையில் கிடைக்கிற இரும்பு இழைப்புளியில் அலகு பெரும்பாலும் 45 பாகைச் சரிவில் உட்கார்ந்திருக்கும். பைன், ஓக் போன்ற சீமை மரங்களுக்கு அது பொருத்தம். அதே அலகை 55 பாகைக்கு நிமிர்த்தி வைத்து, அலகு வெளியே எட்டிப்பார்க்கும் வாயைத் தாள் கனத்துக்குக் குறுக்கினால் வேம்பு அடங்கிவிடும். தள்ளுவதற்குக் கூடுதல் பலம் வேண்டும், சீவல் சுருளாக வராமல் சற்றே நொறுங்கிவரும், ஆனால் பலகை பிய்யாது. அப்படியொரு இழைப்புளி நம் ஊர் ஹார்டுவேர் கடையில் கிடைக்காது. செய்துகொள்ளத்தான் வேண்டும்.

செய்வதும் நினைக்கிற அளவுக்குக் கஷ்டமில்லை. பத்தங்குல நீளத்தில் வைரம் பாய்ந்த கருவேலங்கட்டை ஒன்று. ஒரே கட்டையில் மேலிருந்து கீழாகச் சரிவுத் துளை குடைவது பழைய முறை. அதற்குத் தேர்ந்த கை வேண்டும். கட்டையின் இரண்டு பக்கமும் கன்னம்போல ஒவ்வொரு பலகை அறுத்தெடுத்து, நடுத்துண்டைச் சரிவாக இரண்டாக வெட்டி, இடைவெளி விட்டு மறுபடி ஒட்டிவிடுவது இன்னொரு முறை. உள்ளே குறுக்காக ஒரு மரக்கம்பி. அலகை அதற்கடியில் ஆப்பு வைத்து இறுக்க வேண்டும். இந்த முறையை உலகம் முழுக்கப் பரப்பியவர் ஜேம்ஸ் கிரெனோவ். சைபீரியாவில் பிறந்து, ஸ்வீடனில் கார்ல் மால்ம்ஸ்டென் பள்ளியில் மரவேலை கற்று, 1981-இல் கலிபோர்னியாவின் ஃபோர்ட் பிராக் ஊரில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியவர். அவருடைய மாணவர்கள் முதலில் செய்தது நாற்காலியோ மேசையோ அல்ல, தங்களுக்கான இழைப்புளி. நம் ஆசாரிமாரும் தலைமுறை தலைமுறையாக அதைத்தான் செய்துவந்தார்கள். மரக்கட்டையைத் தாங்களே குடைந்துகொள்வார்கள், அலகை மட்டும் கொல்லரிடம் அடித்து வாங்குவார்கள். கிரெனோவின் பெயர் தெரிந்த நம் பையன்களுக்கு இந்தச் சேதி தெரியாமல் போனதை ஒரு குறையாகவே குறித்துக்கொள்ள வேண்டும்.

உளி விஷயம் இன்னும் சுவாரசியம். தேய்ந்துபோன அரத்தை உளியாக்குகிறார்கள். லாரி ஸ்பிரிங் பட்டையை அலகாக்குகிறார்கள். இரண்டும் இரும்புக்கடையில் எடைக்குக் கிடைப்பவை. ஆனால் இரண்டும் ஒரே இரும்பு இல்லை. அரத்தில் கரிச்சத்து ஒரு சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். ஸ்பிரிங் பட்டையில் ஏறத்தாழ 0.6 சதவீதம். அரத்து உளி கூர் நெடுநேரம் நிற்கும், ஆனால் முரட்டுத்தனமாக நெம்பினால் முனை தெறிக்கும். பட்டை உளி அடி தாங்கும், கூர் சீக்கிரம் மழுங்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் அரத்தை அப்படியே சாணைபிடித்துக் கைப்பிடி போட்டு, 'உளி ரெடி' என்று கிளம்புகிறவர்கள்தான் அதிகம். அரம், அரமாகவே இருக்கும்வரை கண்ணாடிபோல நொறுங்கும். கொட்டாப்புளியின் அடி விழுந்தால் சில்லு தெறித்துக் கண்ணுக்கு வரும்.

செய்யவேண்டிய முறை இதுதான். முதலில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆறவிட்டு, இரும்பை இளக்க வேண்டும். பிறகு அரத்தால் ராவி உளியாக வடிக்க வேண்டும். மறுபடி காய்ச்சும்போது காந்தத்தைக் காட்டிப் பார்க்க வேண்டும். இரும்பு 770 பாகை செல்சியஸ் அளவில் காந்தத்தை மறந்துவிடும். காந்தம் ஒட்டாத நிலைக்குச் சற்று மேலே போனதும் எண்ணெயில் தோய்க்கலாம். தோய்த்த கையோடு விட்டுவிடக் கூடாது, மறுபடியும் இளஞ்சூடு காட்ட வேண்டும். பளபளவென்று தேய்த்த பரப்பில் வைக்கோல் மஞ்சள் ஏறும்போது நிறுத்தினால் 220, 230 பாகை. நீலம் ஏறிவிட்டால் 300 பக்கம் போய்விட்டது. மர உளிக்கு அது மெத்தனம். கொல்லர் இதற்குத் தெர்மாமீட்டர் வைத்துக்கொள்வதில்லை. நிறத்தைப் பார்த்தே தோய்ச்சல் போடுவார். மண்வெட்டிக்கும் அரிவாளுக்கும் உளிக்கும் அவர் நிறுத்துகிற நிறம் வேறு வேறு. ஒரு பிற்பகல் உலைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் கிடைக்கிற பாடம் காணொளிகளில் கிடைப்பதில்லை. திரையில் நிறம் சரியாகத் தெரியாது என்பது முக்கியமான காரணம்.

ஆக, கருவியைத் தானே செய்துகொள்கிறவர் மூன்று விஷயம் கற்கிறார். மரத்தின் குணம், இரும்பின் குணம், இரண்டும் சந்திக்கிற இடத்தின் கோணம். இந்த அறிவுக்கு ஈடாக எதையும் சொல்ல முடியாது. மேசை நாற்காலி இந்த அறிவின் விளைபொருள்தான்.

இனி மரத்துக்கு வருவோம். இங்கேதான் எனக்கு வருத்தம் அதிகம்.

வீட்டுப் பட்டறைகளில் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் பைன் கட்டைதான் கிடக்கிறது. தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கோடு வந்திறங்கிய பெட்டிகளையும் அடித்தாங்கிகளையும் உடைத்து விற்கிற பலகை. விலை மலிவு, லேசானது, ரம்பம் வெண்ணெயில் போவதுபோலப் போகும். குறை சொல்ல மாட்டேன். ஆரம்பக்காரருக்கு நல்ல மரம்தான். ஒரே ஒரு எச்சரிக்கை. ஏற்றுமதிப் பெட்டி மரங்களில் கோதுமைக்கதிர் முத்திரை ஒன்று குத்தியிருக்கும். அதற்குப் பக்கத்தில் ஹெச்.டி. என்ற எழுத்து இருந்தால் சூடுகாட்டிப் பூச்சி கொன்ற மரம், பயமில்லை. எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப்புகை போட்டது. அதில் குழந்தைக்குத் தொட்டிலோ, சமையலறைக்குப் பலகையோ செய்யாதீர்கள். முத்திரையே இல்லாத கட்டையையும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

ஆனால் கப்பலில் வந்த பலகையைத் தேடி அறுபது கிலோமீட்டர் போகிறவர், வழியில் இருபுறமும் எதைப் பார்த்துக்கொண்டு போகிறார்? சீமைக்கருவேல். இந்தியாவுக்கு 1877-இல் வந்த மரம், போன நூற்றாண்டின் பிற்பாதியில் கரிசலையும் ராமநாதபுரத்தையும் மூடிக்கொண்டது. 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை அகற்றச்சொல்லி உத்தரவிட்டது. அதற்குப் பின்னும் வெட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள், அது முளைத்துக்கொண்டேதான் இருக்கிறது. வெட்டியதில் பெரும்பங்கு கரிமூட்டத்துக்குப் போகிறது. சாத்தூர், விளாத்திகுளம் பக்கம் மண்ணால் மூடிய மூட்டங்கள் நாட்கணக்கில் புகைந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

இதே மரத்தின் நெருங்கிய உறவு அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் விளைகிறது. மெஸ்கிட் என்பார்கள். அங்கே அது விலையுயர்ந்த மேசை மரம், தரைப்பலகை மரம். அர்ஜென்டினாவில் அல்கரோபோ என்ற பெயரில் இதன் இன்னொரு உறவு கதவாகவும் நாற்காலியாகவும் ஆகிறது. காரணம் இருக்கிறது. மெஸ்கிட், தேக்கைப் போல இரண்டு மடங்கு கடினம். அதைவிடப் பெரிய குணம் ஒன்று: பச்சையிலிருந்து காய்ந்த நிலைக்கு வரும்போது அகலவாக்கில் அது சுருங்குவது மூன்று சதவீதத்தை ஒட்டித்தான். நல்லபிள்ளை என்று பேரெடுத்த தேக்கே ஐந்துக்கு மேல் சுருங்கும். நம் சீமைக்கருவேலும் அந்தக் குடும்பத்துக் குணத்தோடுதான் பிறந்திருக்கிறது. வைரம் பழுப்புச் சிவப்பில் அழகாக இருக்கும். எண்ணெய் பூசினால் இன்னும் ஆழமாகும்.

குறையையும் சொல்லியாக வேண்டும். நேர்க்கட்டை கிடைக்காது. கரிக்காக மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை வெட்டி வெட்டி, தூரிலிருந்து கொத்தாகக் கிளைத்து நிற்கிற மரத்தில் நாலடிப் பலகை அறுப்பது அபூர்வம். மேல்தோலை ஒட்டிய வெளிர்மஞ்சள் வெள்ளையில் வண்டு விழும். சில மாதத்தில் மாவாக உதிரும். அந்த வெள்ளையை ஈவிரக்கமில்லாமல் செதுக்கி எறிய வேண்டும். முள் கையில் ஏறினால் சீழ்வைக்கும். ரம்பப் பட்டறைக்காரர் இதை அறுத்துத்தரத் தயங்குவார், பல் மழுங்கிவிடும் என்று. இத்தனையும் உண்மை. அதனால் இதில் அலமாரி செய்யச் சொல்லவில்லை. ஓரடி, ஒன்றரை அடித் துண்டு போதுமான பொருள்கள் எத்தனை இருக்கின்றன! இழைப்புளிக் கட்டை, உளிப்பிடி, கொட்டாப்புளி, மூலைமட்டம், முக்காலியின் கால், மணை, பூரிக்கட்டை, அலமாரிக் குமிழ். வீட்டுப் பட்டறையில் பாதி வேலை இந்த அளவுக்குள்தான் நடக்கிறது. கரியாகப் போகிற மரத்தில் இதையெல்லாம் செய்யலாம் என்று இங்கே எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கிறது?

கரிசலின் சொந்த மரங்களைப் பற்றியும் இதே பாராமுகம்தான். கண்மாய்க்குள் நிற்கிற நாட்டுக் கருவேலில்தான் வண்டிச் சக்கரத்தின் குடமும் ஏர்க்கலப்பையும் செய்தார்கள். புளியின் வைரம் கொட்டாப்புளிக்கும் உரலுக்கும். வாகை செக்குக்கு. மம்பட்டிக் கணைக்கு எந்த மரம், கோடாலிக் காம்புக்கு எந்த மரம் என்பதில் சம்சாரிகளுக்குத் திட்டமான அபிப்பிராயம் உண்டு. கை எரியாத மரம், அதிர்ச்சி தாங்குகிற மரம் என்று அனுபவத்தில் பிரித்து வைத்தது. பூச்சிக்கும் மருந்து வைத்திருந்தார்கள். வேம்பையும் பனையையும் வெட்டிக் கண்மாய்ச் சகதியில் மாதக்கணக்கில் ஊறப்போடுவார்கள். மரத்திலிருக்கும் மாவுச்சத்து கரைந்து போய்விட்டால் வண்டுக்கு அங்கே வேலையில்லை. இதில் ரசாயனம் எதுவும் இல்லை, ரசாயன அறிவு இருக்கிறது. தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்பதையும் கூடவே சொல்வார்கள். அதை நான் நம்புவதுமில்லை, எதிர்த்து வாதாடுவதுமில்லை. பனையைப் பொறுத்தவரை ஒன்று நினைவில் இருக்கட்டும்: 2021 வேளாண் நிதிநிலை அறிக்கைக்குப் பிறகு, பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கிற பனங்கைகளே நமக்குப் போதும்.

இவ்வளவும் மரம். அந்த மரம் உட்காருகிற மண்ணும் காற்றும் இன்னொரு பாடம்.

கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அஸ்திவாரம் ஆழமில்லாத வீடுகளில் தரை ஒரு மூலையில் ஏறி ஒரு மூலையில் இறங்கும், நிலை கோணும், ஐப்பசி, கார்த்திகையில் கதவு சாத்த முடியாமல் பிடிக்கும். மரமும் அதன் பங்குக்கு ஆடுகிறது. ஆடிமாதக் காற்று, கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று, மரத்திலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிடும். மூன்று மாதம் கழித்து வடகிழக்குப் பருவமழை அதை மறுபடி ஏற்றும். இரண்டுக்கும் நடுவில் மரத்தின் ஈரம் ஆறு சதவீதம் மாறுகிறது என்று வையுங்கள். இரண்டடி அகலத் தேக்குப் பலகை ஆறேழு மில்லிமீட்டர் விரியும், சுருங்கும். ஆசாரி கணக்கில் இரண்டு நூல். அந்தப் பலகையை நான்கு பக்கமும் திருகாணி போட்டுச் சட்டத்தோடு இறுக்கினால் என்னாகும்? நடுவில் பிளக்கும், இல்லையென்றால் சட்டத்தைப் பிதுக்கும். பிளக்காத பலகையை நான் இங்கே அதிகம் பார்த்ததில்லை.

சீமைக் காணொளியைப் பார்த்து அப்படியே செய்கிறவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். அந்த வரைபடங்கள் சூளையில் உலர்த்திய மரத்துக்கும், குளிர்காலத்தில் சூடேற்றிய வீட்டுக்கும் போட்டவை. அங்கேயும் மரம் ஆடுகிறது, ஆனால் ஆட்டத்தின் நேரமும் அளவும் வேறு. நம்மூரில் வைகாசியில் செய்த இழுப்பறை கார்த்திகையில் சிக்கும். கார்த்திகையில் செய்த கழுந்து சித்திரையில் தளர்ந்து ஆடும். இழுப்பறையைச் சற்றுத் தளர்வாகச் செய்ய வேண்டிய மாதம் எது, இறுக்கமாகச் செய்யக்கூடிய மாதம் எது என்று ஒரு கரிசல் பஞ்சாங்கம் யாராவது போட்டால் புண்ணியமாகப் போகும்.

இந்த மண்ணுக்கேற்ற வடிவம் ஒன்று எப்போதோ கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. நார்க்கட்டிலைச் சொல்கிறேன். நான்கு கால், நான்கு சட்டம். காலின் தலைப்பக்கம் இரண்டு துளை. ஒன்றையொன்று வெட்டாதபடி ஒன்றைச் சற்று ஏற்றியும் ஒன்றை இறக்கியும் போடுவார்கள். சட்டத்தின் கழுந்து அதில் நுழையும். வச்சிரமும் கிடையாது, ஃபெவிகாலும் கிடையாது; நல்ல கட்டிலில் ஆணியும் கிடையாது. எட்டு மூட்டையும் இழுத்துப் பிடித்திருப்பது பனைநார்ப் பின்னலின் விசை மட்டுமே. மரம் சுருங்கினால் மூட்டு தளரும், நாரை இழுத்துக் கட்டினால் மறுபடி இறுகும். தரை கோணலாக இருந்தால் சட்டகமே கொஞ்சம் முறுக்கிக்கொடுத்து நான்கு காலையும் தரையில் ஊன்றிவிடும். ஒரு சட்டம் ஒடிந்தால் அதை மட்டும் மாற்றலாம். நார் இற்றால் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் புதுநார் போடலாம். காய்ந்த நார் ஒடியும் என்பதால் தண்ணீரில் நனைத்துப் பின்னுவார்கள். காய்ந்தபின் இன்னும் இறுகும். பொறியியல் படித்தவர்கள் இதைப் பிரித்துப் போட்டுப் பார்க்க வேண்டும். முக்காலிக்கும் இதே நியாயம்தான். மூன்று கால் எந்தக் கோணல் தரையிலும் ஆடாது. நான்கு கால் நாற்காலிக்கு அட்டைத்துண்டு மடித்து வைக்கிற வீடுகளில், மூன்று கால் முக்காலி பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும்.

வீட்டுப் பட்டறைக்காரர்களின் படங்களில் நான் தேடிப்பார்த்தவரை நார்க்கட்டில் செய்தவர் யாரும் இல்லை. ஸ்காண்டிநேவிய நாற்காலி செய்தவர்கள் உண்டு.

ஆபத்தைப் பற்றி நாலு வரி. கருவியைத் தானே செய்வது என்ற நல்ல காரியத்தின் கெட்ட கோடியில் நிற்பது, மார்பிள் கட்டரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிளைவுட்டுக்கு அடியில் முடுக்கிச் செய்கிற அறுவை மேசை. கிரைண்டரில் மரம் அறுக்கும் பிளேடு மாட்டுவது அதன் தம்பி. இந்தச் சிறு மிஷின்கள் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடுபவை. அறுபட்ட மரம் பிளேடை நெருக்கிப் பிடித்தால் கட்டை அறுப்பவர் மேல் எகிறும். அதைத் தடுக்கப் பிளேடுக்குப் பின்னால் நிற்கவேண்டிய கத்தியும் இல்லை, மேலே மூடியும் இல்லை, சட்டென்று நிறுத்தப் பெரிய பொத்தானும் இல்லை. சிக்கனம், புத்திசாலித்தனம் என்று இதைப் பாராட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இரண்டு விரலுக்கு எவ்வளவு விலை போடுவார்கள்? தூசியும் சும்மா இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் வைத்துவிட்டது. அடைத்த அறையில் மிஷினால் உப்புத்தாள் தேய்க்கிறவர்கள், ஒரு துண்டை மூக்கில் கட்டிக்கொண்டால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. உளியும் இழைப்புளியும் தூள் பறக்கவிடாமல் சீவலாகவும் சிலாம்பாகவும் எடுக்கின்றன என்பது, கைக்கருவிக்குச் சாதகமாக யாரும் சொல்லாத வாதம்.

வீட்டில் பட்டறை என்பது கோவில்பட்டிக்குப் புதிதில்லை. தலைமுறைகளாக இங்கே வீட்டுத் திண்ணைகளில் தீப்பெட்டிக் கூடு ஒட்டினார்கள். பெண்களும், பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளைகளும், எண்ணிக்கைக் கூலிக்கு, விளக்கு வெளிச்சத்தில். அது வீட்டுத் தொழில்தான். யாரும் அதை ஆசைக்காகச் செய்யவில்லை. இன்று ஒருவர் தன் கொல்லையில் ஞாயிறு முழுக்க ஒரு முக்காலிக் காலைச் சீவிக்கொண்டிருக்க முடிகிறதென்றால், அதற்குப் பின்னால் ஓய்வும் கொஞ்சம் பணமும் இருக்கின்றன. வேலையைத் தானே தேர்ந்துகொண்ட ஒருவரின் கைவேலையும், வேறு வழியில்லாத ஒருவரின் கைவேலையும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து 'உழைப்பின் மகிமை' பேசுவது கூசுகிறது.

ஆசாரி விஷயத்திலும் அப்படியே. ஒருகாலத்தில் ஊர் ஆசாரிக்குக் களத்தில் தானியமாகச் சுதந்திரம், அதாவது உரிமைப் பங்கு, அளந்தார்கள். வருஷம் முழுக்கக் கலப்பையும் வண்டியும் பார்த்துத்தர வேண்டும். அது பாதுகாப்பும்தான், விலங்கும்தான். ஆசாரி மகன் ஆசாரியாகவே ஆக வேண்டும், மற்றவன் உளியைத் தொடக் கூடாது. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் குலக்கல்வித் திட்டம் என்று பேர்வாங்கி, மறு ஆண்டு காமராஜர் காலத்தில் கைவிடப்பட்டதற்கு அந்த விலங்கின் நினைவுதான் காரணம். 2023-இல் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தைத் தமிழ்நாடு ஏற்க மறுத்ததற்கும், சாதிக் கட்டில்லாமல் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியே ஒன்றைக் கொண்டுவந்ததற்கும் அதே நினைவுதான் பின்னணி. எந்தச் சாதிக்காரரும் தன் வீட்டில் உளியை எடுத்துக் கழுந்து வெட்டலாம் என்ற நிலை வந்திருக்கிறதே, இந்தப் பழக்கத்தின் சமூக லாபம் அதுதான். அதை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

ஆனால் கதவு திறந்த கையோடு ஆசாரியை வெளியே தள்ளிவிட்டோம். வீட்டுப் பட்டறைக்காரர் உளியின் ஒவ்வொரு வகையையும் ஆங்கிலப் பெயரில் அறிவார். இரண்டு தெரு தள்ளி, வேலை குறைந்து, பிளைவுட்டில் மைக்கா ஒட்டிப் பிழைக்கிற பெரியவர் ஒருவர், கண்ணை மூடிக்கொண்டு கலப்பைக்குக் கோணம் வைக்கத் தெரிந்தவர், இருப்பது பட்டறைக்காரருக்குத் தெரியாது. அந்தப் பெரியவரிடம் போய்ப் படித்தால் அவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்துப் படிக்க வேண்டும். 'சும்மா சொல்லிக்கொடுங்க அண்ணாச்சி' என்று டீ வாங்கிக் கொடுத்து அறிவைக் கொண்டுபோகக் கூடாது. கரிசலின் வட்டாரச் சொற்களுக்கு அகராதி போட கி. ராஜநாராயணன் இருந்தார், 1982-இல் அது வெளிவந்தது. கரிசலின் மரவேலைக்கு, கோணமும் அளவும் படமுமாக அப்படியொரு பதிவை எனக்குத் தெரிந்து யாரும் செய்யவில்லை. வீட்டுப் பட்டறைக்காரர்களிடம் கருவியும் கேமராவும் ஓய்வும் மூன்றும் இருக்கின்றன. அவர்களைவிட்டால் இதற்கு வேறு ஆள் இல்லை.

கி.ரா.வின் 'கதவு' கதையில், தீர்வைப் பாக்கிக்காக ஒரு ஏழைச் சம்சாரி வீட்டின் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த வீட்டில் கைப்பற்றுவதற்கு வேறு பொருளே இல்லை. கரிசல் வீட்டில் மரம் என்பது அவ்வளவு அபூர்வமான சொத்தாக இருந்தது. மழை குறைந்த, பெருமரம் அரிதான நிலத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் வேலை இருந்தது. வண்டிக் குடம் தேய்ந்தால் அடிமணையாகும், அதுவும் தேய்ந்தால்தான் அடுப்புக்குப் போகும். இன்று மரப்பலகை லாரியில் வந்து இறங்குகிறது, ஆறு மாதத்தில் அலுத்துப்போன அலமாரி தெருமுனையில் கிடக்கிறது. தானே செய்த பொருளை யாரும் சுலபமாகத் தூக்கி எறிவதில்லை என்பது வீட்டுப் பட்டறையின் பக்கம் நிற்கிற கடைசி நியாயம், அதை ஒப்புக்கொள்கிறேன்.

என் தீர்ப்பு இதுதான். கதவு, நிலை, ஜன்னல் ஆகியவற்றை ஆசாரியிடமே கொடுங்கள். அவை குடும்பத்தின் பாதுகாப்பு, கற்றுக்குட்டி கைவைக்கிற இடமில்லை. மார்பிள் கட்டர் மேசையை இன்றைக்கே பிரித்துப்போடுங்கள். முதல் வேலையாகக் கொட்டாப்புளி ஒன்றும், 55 பாகையில் இழைப்புளி ஒன்றும் செய்யுங்கள். பிறகு முக்காலி, மணை. கை நம்பிக்கை தந்தபின் நார்க்கட்டில். மரத்துக்குத் தூத்துக்குடி போகுமுன் பக்கத்துக் கரிமூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். தொடைப் பருமனுக்கு மேலிருக்கும் தூர்க்கட்டைகளைத் தீ வைக்குமுன் ஒதுக்கித்தரச் சொல்லி, கரி விலைக்கு மேல் கொஞ்சம் வைத்துக் கொடுங்கள். கொண்டுவந்ததும் வெள்ளையைச் செதுக்கி, இரண்டு முனையிலும் சாணியோ மெழுகோ பூசி, மேல்காற்று அடிக்காத நிழலில் இடைவெளிவிட்டு அடுக்குங்கள். ஓரங்குலத் தடிமனுக்கு ஒரு வருஷம் காய வேண்டும். இந்த மழைக்கு முன் அடுக்கினால், ஓரங்குலத் துண்டு அடுத்த வருஷ மழைக்கு முன் தயாராகிவிடும்; இழைப்புளிக் கட்டைக்குத் தடிமனுக்கேற்றபடி இன்னும் பொறுக்க வேண்டும்.